ரத்தத்தில் இருக்கிறது என்று சொன்னவனுக்கு

சரவணா,

வேன் பிடிக்க மாட்டேன். நேற்று போனில் நீ கேட்டதற்கு இதுதான் என் பதில். "சித்தப்பா வீடு, மல்லாங்கிணறு அத்தை வீடு எல்லாரையும் ஒரு வேன்ல ஏத்திக் கூட்டிட்டு வந்துருங்கம்மா. மண்டபத்துலயே ரூம் போட்டுட்டேன்" என்று நீ சொல்லி முடித்ததும் போனை வைத்துவிட்டேன். டவர் கிடைக்கவில்லை என்று நினைத்திருப்பாய். டவர் நன்றாகத்தான் கிடைத்தது. உன் குரல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒன்றுமே நடக்காத வீட்டுப் பிள்ளை பேசுகிற மாதிரி பேசினாய்.

போனில் உன்னிடம் எதையும் முழுதாகச் சொல்ல முடிவதில்லை. பாதியில் "சரிம்மா, கூப்பிடுறாங்க" என்பாய். அதனால் எழுதுகிறேன். நீ கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணிடமும் இதைக் கொடு. முதல் கடிதத்திலேயே மாமியார் சண்டைக்கு வருகிறாளே என்று அவள் நினைத்தால் நினைக்கட்டும். அவள் மேல் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. எப்படிப்பட்டவனுக்குக் கழுத்தை நீட்டுகிறோம் என்று தெரிந்து நீட்டட்டும், அவ்வளவுதான். நம் சொந்தத்தில் யார் வந்து கேட்டாலும் இதை உரக்கப் படித்துக் காட்டுவேன். ஒளித்து வைக்க இதில் எதுவும் இல்லை. நீ ஒளித்து வைத்ததைத்தான் எழுதுகிறேன்.

உன் அப்பாவைப் பற்றி மேடைகளில் நிறையச் சொல்லிவிட்டாய். "என் தந்தை பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தவர்" என்று ஆரம்பிப்பாய், கைதட்டுவார்கள். மேடைக்கு வராத அப்பாவை நான் சொல்கிறேன். சாயங்காலம் கம்பெனி வேனில் வந்து இறங்கும்போது அவர் காது மடலிலும் புருவத்திலும் அலுமினியப் பொடி வெள்ளியாக மின்னும். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் தலையணை உறையில் அதில் கொஞ்சம் ஒட்டியிருக்கும். உன் பெரியப்பா, உன் அப்பா, உன் கருப்பசாமி சித்தப்பா, மூன்று பேரும் ஒரே கம்பெனி. சிவகாசிக்குப் போகிற வழியில் இருக்கிறது. மூன்று பேருக்கும் பட்டாசு மருந்து கலக்கும் ஒரே ரூம். பெரியப்பாவுக்குச் சிறுநீரில் ரத்தம் போய், சிறுநீரகத்தில் புற்றுநோய் என்று தெரிவதற்குள் ஆள் இளைத்து உருக்குலைந்துவிட்டார். சில வருஷம் கழித்து உன் அப்பாவுக்கும் அதே மாதிரி சிவப்பாகப் போனது. நான் பதறினேன். "இந்தா, கலர் மருந்துக்குள்ளயே கெடக்குறவனுக்கு அதுவும் கலராத்தான் போவும். போய்ச் சோத்தப் போடு" என்று சிரித்தார். நான் விடவில்லை. ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவள் நான். ஊரார் ரத்தத்தையும் சிறுநீரையும் பார்த்துப் பார்த்துப் பழகிய கண். அன்று மைக்ராஸ்கோப்பில் என் புருஷனுடையதை வைத்துப் பார்த்தேன். அந்த வட்டம் முழுக்கச் சிவப்பணு. ரிப்போர்ட்டில் அவர் பெயரை நானே எழுதினேன்.

மதுரையில் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் "எதனால சார்?" என்று நீதான் கேட்டாய். அப்போது நீ காலேஜில் படித்துக்கொண்டிருந்தாய். அவர் நிதானமாகச் சொன்னார்: "புகை, உடல் பருமன், பிரஷர், சில கெமிக்கல், குடும்ப வாகு, இப்படிப் பல காரணம் இருக்கு தம்பி. இவருக்கு எதுனாலன்னு கேட்டா, தெரியலை." பெரிய டாக்டர். அந்தத் 'தெரியலை'யைச் சொல்ல அவர் கூச்சப்படவே இல்லை. அந்தப் பாடத்தை அன்றே நீ படித்திருக்கலாம். நீயோ வராந்தாவில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்டுபிடிக்காம விடமாட்டேன்மா" என்றாய். அப்பா அந்த ஆடியில் போய்ச் சேர்ந்தார். உன் வார்த்தை மட்டும் என்னிடம் இருந்தது. அதை நம்பித்தான் உன்னை மெட்ராஸுக்கு அனுப்பினேன்.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம், ஆராய்ச்சி மாணவனாக ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாய். சிறுநீரகப் புற்று வந்த குடும்பங்களில் ரத்தம் எடுத்து ஆராய்கிறோம், நம் குடும்பமும் வேண்டும் என்றாய். ஊசி என்றால் ஓடுகிற சனத்தை நான்தான் ஒவ்வொரு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். நம் முன்னறையில் பாய் விரித்து உட்கார வைத்து நான்தான் குத்தி எடுத்தேன். யாருக்கும் வீங்கவில்லை, யாருக்கும் இரண்டாம் முறை குத்தவில்லை. "இது எதுக்குலே சரவணா?" என்று சித்தப்பா கேட்டபோது நீ சொன்ன விளக்கத்தை இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன்.

"சித்தப்பா, நம்ம ஒடம்புக்குள்ள காவக்காரங்க மாதிரி அணுக்கள் இருக்கு. கெட்டது எங்க மொளைக்குதுன்னு ஒண்ணுக்கொண்ணு சேதி சொல்லிக்கிடும். அந்தச் சேதியை எம்புட்டுச் சத்தமாச் சொல்லணும்ங்கறத ஒரு ஜீன் முடிவு பண்ணுது. அதுல ஒரு எழுத்து ஆளுக்கு ஆள் மாறியிருக்கும். அந்த மாத்தம் உள்ளவங்களுக்கு இந்த நோய் கொஞ்சம் கூடுதலா வருதான்னு பாக்கோம்."

"அப்ப நம்ம வீட்டுக் காவக்காரனுக்குத் தொண்டை கட்டிருச்சாங்கற?" என்றார் சித்தப்பா. எல்லாரும் சிரித்தோம். சித்தப்பா மகள் முத்துலட்சுமி கையை நீட்டிக்கொண்டு, "பெரியம்மா, எனக்கு வளையல் போடுற கையில வேணாம், இந்தக் கையில எடுங்க" என்றாள். அவளுக்குக் காரியாபட்டியில் உரக்கடை வைத்திருக்கும் பையனோடு அப்போதுதான் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

அடுத்த பொங்கலுக்கு வந்து முடிவைச் சொன்னாய். ஆபரேஷனில் எடுத்துவைத்த அப்பாவின் சாம்பிளிலும், சித்தப்பாவிடமும், முத்துலட்சுமியிடமும் அந்த மாற்றம் இருக்கிறது. நோய் வந்தவர்களிடம் அது சற்று அதிகமாகத் தெரிகிறது. சின்ன ஆய்வுதான், இன்னும் பார்க்க வேண்டும் என்றாய். வீட்டுக்குள் நீ பேசியது யோக்கியமான பேச்சு. நான்கூட ஒன்று கேட்டேன்: "ஒரே ரத்தம், ஒரே கலவை ரூம். இதுல எது செஞ்சதுன்னு எப்படிப் பிரிப்பே?" நீ தலையைச் சொறிந்துகொண்டு, "அது கஷ்டம்தான்மா" என்றாய். நல்ல பதில். அந்தப் பதிலோடு நீ பஸ் ஏறியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இல்லை.

நீ படித்த பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள் என்று போனாய். மாலை போட்டார்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். முன்வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் 'சற்று', 'இருக்கலாம்', 'சின்ன ஆய்வு' என்று சொன்ன வாய், கூட்டத்தைப் பார்த்ததும் மாறியது. "என் அப்பாவை, என் பெரியப்பாவைக் கொண்டுபோன நோய் எங்கள் ரத்தத்திலேயே இருக்கிறது. அதை நானே கண்டுபிடித்தேன்" என்றாய். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மறுநாள் உள்ளூர்ப் பதிப்பில் உன் போட்டோவோடு அதே வாக்கியம் கொட்டை எழுத்தில் வந்தது. நீ அந்தப் பக்கத்தை வெட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு மெட்ராஸ் போய்விட்டாய். நாங்கள் இங்கே இருந்தோம்.

காரியாபட்டியிலிருந்து பையனின் அம்மா வந்தாள். பூ வைத்து உறுதி செய்திருந்த நேரம். அன்று நாங்கள் அவளுக்கு வைத்துக் கொடுத்ததில் பழமும் வெற்றிலையும் போக, சேலை மட்டும் மடித்தபடி கூடையில் திரும்பி வந்திருந்தது. அதன் மேல் அந்தப் பேப்பர். சித்தப்பா வீட்டில் நானும் இருந்தேன்.

"தப்பா எடுத்துக்கிடாதீக. பொண்ணு தங்கமான பொண்ணு, அதுல ஒரு சொல் இல்ல. ஆனா நாளைக்குப் பேரன் பேத்திக்கு வந்துட்டா யாரு பதில் சொல்லுவா? ரத்தத்துலயே இருக்காம்ல" என்றாள்.

"அம்மா, நான் லேப்ல வேலை பாக்குறவ, சொல்லுதேன் கேளுங்க. அந்த மாத்தம் நல்லா இருக்கிற எத்தனையோ பேருக்கு இருக்கும். ஒங்க வீட்டுல பாத்தாலும் இருக்கலாம். இருந்தா நோய் வரும்னு அர்த்தம் இல்ல" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இருக்கலாம்மா. ஆனா எங்க வீட்டுல எவனும் மைக்கைப் பிடிச்சுச் சொல்லலையே" என்றாள்.

முத்துலட்சுமி உள்ளேயிருந்து வந்து, சேலையை அவள் கையிலிருந்து தானே வாங்கிக்கொண்டு, "காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். அந்தப் பிள்ளைக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. கடைக்குப் போகும் சாக்கில் அவனோடு போனில் பேசுவாள் என்று எனக்குத் தெரியும். அன்று ராத்திரி உனக்குச் சொன்னேன். நீ என்ன சொன்னாய்? "பேப்பரைப் பாத்துட்டுக் கல்யாணத்தை நிறுத்துற கூட்டத்துல போய் விழாம தப்பிச்சாளேன்னு சந்தோஷப்படுங்கம்மா." அவள் தப்பித்தாள் என்று நீ மெட்ராஸில் இருந்து தீர்மானித்தாய். அவள் இன்றைக்குச் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் காலண்டர் தலையில் தகரப் பட்டி அடிக்கிறாள். பெண் பார்க்க வருகிற ஒவ்வொருவரும் அந்தப் பேப்பரைப் பற்றி எப்படியோ கேள்விப்பட்டுத்தான் வருகிறார்கள். கேள்விப்பட்டதும் போகிறார்கள்.

பிறகு சித்தப்பா கம்பெனியில் நடந்தது. இரண்டு அண்ணன்களும் அதே ரூமில் இருந்து போனவர்கள், தன்னையாவது பேக்கிங் பக்கம் மாற்றிவிடுங்கள் என்று அவர் மேனேஜரிடம் கேட்டார். பல வருஷமாகத் தயங்கித் தயங்கி, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்ட கேள்வி. மேனேஜர் சிரித்துக்கொண்டே, "ஏன்வே, ஒங்க அண்ணன் மகனே பேப்பர்ல சொல்லிட்டானே, ஒங்க ரத்தத்துலயே இருக்குன்னு. பெறவு மருந்தை ஏன் குத்தம் சொல்லுதீரு? பேக்கிங்குக்குப் போனா ரத்தம் மாறிருமா?" என்றாராம். சித்தப்பா பதில் சொல்லாமல் கலவை ரூமுக்கே திரும்பிப் போனார். இதையும் உன்னிடம் சொன்னேன். "நான் கம்பெனிக்காகவாம்மா சொன்னேன்?" என்றாய். யாருக்காகச் சொன்னாய் என்பது பேச்சே இல்லை. சொன்ன சொல் யார் கைக்குப் போய்ச் சேரும் என்று பார்க்கத் தெரியாதவனுக்கு இத்தனை படிப்பு எதற்கு?

அதற்கப்புறம் சித்தப்பா மெள்ள மெள்ள அடங்கிப் போனார். சத்தமாகச் சிரிக்கிற மனுஷன் சிரிப்பதை விட்டார். வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிளைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்தார். நல்ல வேட்டி சட்டையை யாருக்கோ கொடுத்தார். சித்தி இறந்தபிறகு அவர் வைத்துக் காப்பாற்றிய முல்லைக்கொடிக்குத் தண்ணீர் விடுவதில்லை. நான் கேட்டால், "வயசாகுது மதினி" என்பார். கடைசியில் ஒருநாள் முத்துலட்சுமி என்னைத் தேடி லேபுக்கே வந்துவிட்டாள்.

"பெரியம்மா, அப்பா பாத்ரூமுக்குப் போனா வெளிய வாரதே இல்ல. தண்ணிய ஊத்திக்கிட்டே இருக்காரு. நேத்து நான் பின்னாலயே போய்ப் பாத்தேன். தரையில செவப்பா இருக்கு" என்றாள்.

நான் அப்படியே கிளம்பிப் போனேன். சித்தப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். இடுப்பில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார், வலிக்கு.

"எத்தனை நாளா தம்பி?"

அவர் துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"எந்திரிங்க. மதுரைக்குப் போவோம். ஸ்கேன் பாக்கணும்."

"எதுக்கு மதினி? ரத்தத்துல எழுதியாச்சுன்னு புள்ள படிச்சுச் சொல்லிட்டான். அண்ணன்மாரு ரெண்டு பேருக்கும் வயித்தைக் கிழிச்சுப் பாத்தாங்க. என்ன ஆச்சு? என்னைய இப்படியே விட்டுருங்க. இவளுக்கு மட்டும் ஒரு வழி பண்ணிட்டாப் போதும்."

நான் கத்தினேன், சரவணா. அந்தத் தெருவே கேட்கக் கத்தினேன். உன் அப்பாவிடம்கூட அப்படிக் கத்தியதில்லை. அவரை இழுத்துக்கொண்டு போய்க் காரில் போட்டோம். திருமங்கலம் தாண்டும்வரை முத்துலட்சுமி அவர் கையை விடவில்லை. ஸ்கேன் ரூமுக்கு வெளியே நின்றபோது எனக்குப் பழைய நாள் எல்லாம் திரும்பி வந்தது. டாக்டர் வெளியே வந்து, படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "கல்லும்மா. பெரிய கல். இத்தனை நாள் வலியை எப்படித் தாங்குனாரு? வேற ஒண்ணும் இல்ல" என்றார். முத்துலட்சுமி தரையில் உட்கார்ந்துவிட்டாள். கல்லை எடுத்தார்கள். சித்தப்பா பிழைத்தார். கிட்னி கெட்டுப்போகும் நிலைமைக்கு வந்திருந்தது, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கல்லே ஆளை முடித்திருக்கும் என்றும் அந்த டாக்டர் சொன்னார்.

அவர் வீட்டுக்கு வந்ததும் நான் மெட்ராஸுக்கு ரயில் ஏறினேன். இப்போது கல், நாளைக்கு அந்த நோயும் வருமா, என்னென்ன டெஸ்ட் எப்போது எடுக்க வேண்டும் என்று உன்னிடமே கேட்டு வரலாம் என்றுதான் வந்தேன். அப்போதுகூட உன் மேல் கோபத்தைவிட நம்பிக்கைதான் அதிகம் இருந்தது. நீ வெளியே போயிருந்தாய். உன்னோடு வேலை பார்க்கும் ரேவதி என்ற பெண் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தாள். அவளிடம் கேட்டேன். அவள் முழித்தாள்.

"அம்மா, சரவணன் உங்ககிட்டச் சொல்லலையா? அந்த முடிவு நிக்கலையே. முதல்ல பாத்தது கொஞ்சம் பேர்தான். அப்புறம் நாங்களும் வேற ஊர்லயும் நிறையப் பேர்ல பாத்தோம். நோய் உள்ளவங்க, இல்லாதவங்க எல்லார்லயும் அந்த மாத்தம் ஒரே மாதிரிதான் இருக்கு. அதுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் இருக்குன்னு சொல்ல முடியாது. போன வருஷமே எழுதிட்டோம்மா" என்றாள்.

போன வருஷமே. சித்தப்பா சைக்கிளைக் கொடுப்பதற்கு முன்னால். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுப்பதற்கு முன்னால். நான் கையில் பிடித்த டீயை அப்படியே மேசையில் வைத்துவிட்டேன்.

நீ வந்தாய். உன்னிடம் கேட்டேன். உனக்கு முகம்கூட மாறவில்லை.

"ஆமாம்மா. சயின்ஸ்ல இது சகஜம். ஒருத்தர் ஒண்ணு சொல்லுவாங்க, அடுத்த ஆய்வுல அது விழுந்துரும். அதுக்குத்தான் திரும்பத் திரும்பப் பாக்குறது. மறைக்கல்லியே, எழுதிட்டோம்ல."

"யாருக்கு எழுதுனே?"

"ஜர்னல்ல..."

"சித்தப்பாவுக்கு எழுதுனியா? முத்துலட்சுமிக்கு எழுதுனியா? அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எழுதுனியா? அந்தப் பேப்பருக்கு எழுதுனியா?"

"அவங்களுக்கு அது புரியாதும்மா. குழப்பம்தான் ஆகும்."

இருக்கிறது என்று நீ சொன்னபோது அவர்களுக்குப் புரிந்தது. இல்லை என்றால் மட்டும் புரியாதா? ரத்தம் கொடுத்தபோது புரிந்துகொள்கிற புத்தி இருந்தது, கொடுத்து முடித்ததும் போய்விட்டதா? உன் ஆய்வு விழுந்தது தப்பு என்று நான் சொல்லவே இல்லை. தேடினாய், கிடைத்த மாதிரி இருந்தது, கிடைக்கவில்லை. அதில் அவமானம் ஒன்றும் இல்லை. நானும் லேபில் ஒரு ரிசல்ட் சந்தேகமாக வந்தால் மறுபடி போட்டுப் பார்ப்பவள்தான். ஆனால் மாறிவிட்டது என்று தெரிந்த நிமிஷம், முதல் ரிப்போர்ட்டை வாங்கிப்போன ஆளைத் தேடி வீட்டுக்கே ஓடியிருக்கிறேன். மழையில் சூலக்கரை வரை நடந்து போய், "அம்மா, அது தப்பு, மாத்திரை முழுங்கிராதீக" என்று ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் கதவைத் தட்டியிருக்கிறேன். ஈரத்தோடு திரும்பி வந்தபோது நீ படித்துக்கொண்டிருந்தாய், துண்டு எடுத்துக் கொடுத்தாய். எங்கே போனேன் என்று கேட்டாய், சொன்னேன். நீ அதை ஒரு கதையாகக் கேட்டிருக்கிறாய் போல.

நான் அன்றைக்கே திரும்பி ரயில் ஏறினேன். நீ ஸ்டேஷன் வரை வந்து தண்ணீர்ப் பாட்டில் வாங்கிக் கொடுத்தாய். ஞாபகம் இருக்கிறதா? நான் வாங்கவில்லை.

சித்தப்பாவிடம் நான்தான் சொன்னேன். அவர் கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். முழுதாகக் கேட்டார். டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப நான் சும்மாவே செத்துக்கிட்டு இருந்தேனா மதினி?" என்றார். சிரித்தார். நீண்ட நாளைக்கப்புறம் அந்தப் பழைய சிரிப்பு வந்தது. வந்து, பாதியில் உடைந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். முத்துலட்சுமி அழவில்லை. "பெரியம்மா, எனக்குச் சொன்னது போதும். அப்பா கம்பெனிக்கு வந்து சொல்லுங்க. இந்த ஒடம்போட மறுபடி அந்த ரூமுக்கு அனுப்ப மாட்டேன்" என்றாள்.

இரண்டு பேரும் போனோம். மேனேஜர் உட்காரச் சொன்னார், மரியாதையாகத்தான் பேசினார். எல்லாம் கேட்டுவிட்டு, "ஒங்க மகன் இருக்குன்னு சொன்னது பேப்பர்ல வந்துச்சு. இல்லைங்கறது எந்தப் பேப்பர்ல வந்துச்சும்மா?" என்றார். முத்துலட்சுமி என்னைப் பார்த்தாள். நான் எழுந்துகொண்டேன். காரியாபட்டிக்கும் போனேன். அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் முடிந்திருந்தது. அவன் அம்மா என்னை வாசலில் நிற்க விடவில்லை, மோர் கொடுத்தாள். "இன்னைக்கு இல்லைங்கீக. நாளைக்கு மறுபடி இருக்குன்னு வந்து நின்னா நாங்க என்ன செய்ய?" என்றாள். அதுவும் நியாயமான கேள்விதான்.

ஆகவே நீ என்ன செய்யவேண்டும் என்று சொல்கிறேன். யோசனை இல்லை, உத்தரவு. கல்யாணத்துக்கு முன்னால் இங்கே வா. பொய் எதுவும் சொல்லச் சொல்லவில்லை. மருந்துதான் உன் அப்பாவைக் கொன்றது என்று சொல்லவேண்டாம். அது உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ரத்தத்தால் வரவில்லை என்றும் அடித்துச் சொல்லவேண்டாம். "நான் சொன்ன அந்த மாற்றத்துக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை. இவர்களுக்கு எதனால் வந்தது என்று எனக்குத் தெரியாது" என்று சொல். தமிழில் சொல். அந்தப் பள்ளிக்கூடத்தில் அதே மைக்கைக் கேட்டு வாங்கிச் சொல். கைதட்ட மாட்டார்கள், பழகிக்கொள். அந்தப் பேப்பர்க்காரர்களிடம் போய் நில். போடமாட்டேன் என்றால் மறுநாளும் போய் நில். மேனேஜர் முன்னால் சித்தப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல். உன் பட்டத்தைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு வந்தாலும் சரி, அதற்காவது அது உதவட்டும்.

குடித்தனம் நடத்தப் போகிறவனுக்கு அம்மா புத்தி சொல்லவேண்டுமாம். என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். ஒரு தப்பை எந்த இடத்தில் நின்று சொன்னாயோ, அந்த இடத்தில் நின்று அதைத் திருத்து. பெண்டாட்டியை நாலு பேர் முன்னால் ஒரு சொல் சொல்லிவிட்டு, அடுப்படியில் போய்த் தனியாகக் காலைப் பிடிக்கிற ஆம்பளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நீயும் அப்படித்தான், கூட்டத்தில் சொல்லிவிட்டு மூலையில் போய்த் திருத்தி எழுதியிருக்கிறாய். அந்தப் பெண் இதைப் படித்தால் நன்றாக மனசில் வைத்துக்கொள்ளட்டும்.

நீ வந்து சொல்லிவிட்டால், எல்லாரையும் நானே கூட்டிக்கொண்டு வருவேன். வராவிட்டால் மண்டபத்தில் நீ போட்டிருக்கும் ரூமில் என் பெயரையும் எடுத்துவிடு. அப்பா இல்லாத இடத்தில் என்னை உட்கார வைக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லாதே. அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள் என்று உள்ளதைச் சொல்.

இன்று காலையில் சித்தப்பா வந்திருந்தார். உன் கல்யாணச் சேதி அதற்குள் தெருவுக்கு வந்துவிட்டது. தோளில் புதுத் துண்டு போட்டிருந்தார். வந்ததும், "புள்ளைக்கு முடிவாயிருச்சாமே மதினி. பொண்ணு எந்த ஊரு? நம்மளையும் கூப்புட்டானா?" என்று கேட்டார்.

"இன்னும் கூப்பிடல" என்றேன். வேனில் ஏற்றிக் கூட்டி வரச் சொல்வது கூப்பிடுவது ஆகாது.

"வேலையா இருப்பான். கூப்புடுவான்" என்றார். சித்தப்பா முறைக்கு உனக்கு என்ன செய்யவேண்டும் என்று என்னிடம் விவரம் கேட்டுக்கொண்டு போனார்.

இத்தனை நடந்தும் அந்த மனுஷர் உன்னை ஒரு சொல் திட்டவில்லை. முத்துலட்சுமியும் திட்டவில்லை. திட்டத் தெரியாதவர்கள். நான் திட்டுகிறேன்.

அம்மா